உப்புக்காற்றில் ஒரு கணினியும் ஒரு கேமராவும்: வாசகர் கேள்வி – பதில்

இம்மாதம் வந்த கடிதங்களைப் பிரித்து அடுக்கியபோது, கணினியைப் பற்றிக் கேட்டவர்களும் கேமராவைப் பற்றிக் கேட்டவர்களும் பெரும்பாலும் ஒரே எதிரியைக் குறித்துத்தான் எழுதியிருப்பது தெரிந்தது. தென்மேற்குப் பருவமழை, வடகிழக்குப் பருவமழை என இரண்டையும் வாங்கிக்கொள்ளும் குமரி மாவட்டத்தில், கடலுக்கும் மலைக்கும் நடுவே வாழ்கிற நமக்கு வைரஸைக் காட்டிலும் ஈரமும் உப்புமே பெரிய தொல்லை. அதனால் முதலிரண்டு கேள்விகளுக்கான பதில்கள் நீண்டுவிட்டன. வாசகர்கள் பொறுத்தருள வேண்டும்.

கேள்வி: என் லென்சை ஆனி, ஆடி மாதங்களில் வெளியே எடுக்காமல் தோல் உறையிலேயே வைத்திருந்தேன். இப்போது உள்ளே சிலந்திவலை போல ஏதோ தெரிகிறது. ஈரத்தை உறிஞ்சும் மின்சார அலமாரி வாங்காவிட்டால் இப்படித்தான் ஆகும் என்கிறார்கள். உண்மையா? (தக்கலை வாசகர்)

பதில்: தாங்கள் பார்த்தது பூஞ்சையாகத்தான் இருக்க வேண்டும். உறுதிசெய்துகொள்ள, லென்சின் இரு பக்க மூடிகளையும் கழற்றி, இருட்டறையில் பின்பக்கத்திலிருந்து டார்ச் ஒளியைச் சற்றுச் சாய்வாகப் பாய்ச்சிப் பாருங்கள். புள்ளி புள்ளியாகத் தெரிந்தால் தூசி. அதைப் பொருட்படுத்த வேண்டாம். மெல்லிய இழைகள் கிளைவிட்டுப் பரவியிருந்தால் பூஞ்சை. ஓரத்தில் நான்கைந்து இழைகள் இருப்பதால் படம் கெட்டுவிடாது; ஆனால் வெளிச்சத்தை எதிர்நோக்கி எடுக்கும் படங்களில் வெளுப்புத் தட்டும். நாள்பட விட்டுவிட்டால் அது கண்ணாடியின் மேலுள்ள பூச்சையே அரித்துவிடும். அதன் பிறகு துடைத்தாலும் தடம் போகாது. ஆகையால் இப்போதே பழுது பார்ப்பவரிடம் கொடுங்கள். வீட்டிலேயே திருகுகளைக் கழற்றிப் பார்க்கும் ஆசை வேண்டாம், ஏனெனில் உள்ளே உள்ள கண்ணாடிகள் மயிரிழை நகர்ந்தாலும் பிறகு ஒரு பக்கம் தெளிவாகவும் மறுபக்கம் மங்கலாகவும் படம் விழும். கேமராவோடு சேர்ந்து வந்த மலிவு லென்சாக இருந்தால், சுத்தம் செய்யக் கேட்கும் கூலியையும் பழைய லென்சின் சந்தை விலையையும் ஒப்பிட்டுப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

மின்சார அலமாரி கட்டாயமில்லை. நான்கைந்து லென்சுகளுக்கு மேல் சேர்த்துவிட்டவர்களுக்குத்தான் அது பொருத்தமான செலவு. மற்றவர்களுக்கு, வாய்ப்பகுதியில் ரப்பர் வளையம் உள்ள, முறுக்கு நமத்துப்போகாமல் இருக்க நாம் வாங்கும் அதே வகைப் பிளாஸ்டிக் டப்பா போதும். உள்ளே ஈரப்பதம் காட்டும் சிறு கருவி ஒன்றையும், துணிப்பையில் கட்டிய சிலிக்கா ஜெல்லையும் வையுங்கள். கருவி 40 முதல் 50 விழுக்காட்டுக்குள் காட்ட வேண்டும். 60ஐத் தாண்டிப் பல நாள் நின்றால் பூஞ்சைக்குக் கொண்டாட்டம். 30க்குக் கீழே போனால் லென்சின் உள்ளே உள்ள மசகும் ரப்பரும் வறண்டுபோகும். சிலிக்கா ஜெல்லில் நீல நிறத்தது, ஆரஞ்சு நிறத்தது என இரண்டு கிடைக்கின்றன. நீலத்தில் கோபால்ட் குளோரைடு என்னும் நச்சுப்பொருள் கலந்திருப்பதால், குழந்தைகள் உள்ள வீட்டில் ஆரஞ்சையே வாங்குங்கள். ஈரம் குடித்து நிறம் மாறியதும், சமையலுக்குப் பயன்படுத்தாத பழைய வாணலி ஒன்றில் சிறுதீயில் வைத்துப் புரட்டினால் பழைய நிறத்துக்குத் திரும்பும். சிலிக்கா ஜெல்லுக்குப் பதிலாக அரிசிக்குள் கேமராவைப் புதைத்து வைக்கும் வழக்கம் ஒன்று நம்மிடையே இருக்கிறது. அரிசி பெரிதாக ஈரத்தை இழுப்பதில்லை. அதிலுள்ள மாவுத்தூள்தான் லென்சுக்குள் போய்ச் சேரும்.

தோல் உறையை இன்றே அப்புறப்படுத்துங்கள். ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்வதோடு பூஞ்சைக்குத் தீனியாகவும் அமைவது அதுதான். எப்போதும் புழக்கத்தில் இருக்கும் லென்சில் பூஞ்சை பிடிப்பது அரிது என்பதால், மழைக்காலத்திலும் வாரம் ஒருமுறை எடுத்து, வீட்டுத் திண்ணையையாவது இரண்டு படம் எடுத்துவிட்டு வையுங்கள். வெயிலில் காயவைக்கலாமா என்று சிலர் கேட்பதுண்டு. மூடி கழற்றிய லென்ஸ் வெயிலைக் குவித்து எதிரே இருக்கும் திரைச்சீலையைப் பொசுக்கிவிடும் என்பதை மறந்துவிடாதீர்கள்.

கேள்வி: கடற்கரையிலிருந்து நான்கு தெரு தள்ளி எங்கள் வீடு. மேசைக் கணினியின் பொத்தானை அழுத்தினால் விசிறி சுற்றுகிறது. திரையில் ஒன்றும் வருவதில்லை. கடையில் கொடுத்தால் சரியாகிறது, மூன்று மாதத்தில் மீண்டும் அதே கதை. இம்முறை மதர்போர்டையே மாற்ற வேண்டும் என்கிறார்கள். என்ன செய்வது? (குளச்சல் வாசகர்)

பதில்: மதர்போர்டுக்குப் பணம் எடுத்து வைக்கும் முன் பத்து நிமிடம் செலவிட்டு ஒரு சோதனை செய்யுங்கள். தங்கள் அடுக்களையில் உப்பு ஜாடி மழைக்காலத்தில் கசிவதைப் பார்த்திருப்பீர்கள். காற்றின் ஈரப்பதம் ஏறக்குறைய 75 விழுக்காட்டைத் தாண்டினால் உப்பு காற்றிலுள்ள நீரை இழுத்துத் தானே கரையத் தொடங்கும். கடற்காற்றோடு வரும் உப்புத்துகள் கணினிக்குள் படிந்து அதே வேலையைச் செய்கிறது. கரைந்த உப்புநீர் மின்சாரத்தைக் கடத்தும். செம்பையும் தகரத்தையும் அரிக்கும். முதலில் மாட்டிக்கொள்வது பெரும்பாலும் ராம் என்னும் நினைவகப் பட்டையின் விளிம்பிலுள்ள தங்கநிறத் தொடுமுனைகள்.

மின்கம்பியைப் பிடுங்கிவிட்டு, பொத்தானை ஐந்து நொடி அழுத்தி மிச்ச மின்சாரத்தைப் போக்கிவிட்டு, பக்கப் பலகையைத் திறந்து ராமை வெளியே எடுங்கள். எடுப்பதற்கு முன் பெட்டியின் இரும்புச் சட்டத்தை ஒருமுறை தொட்டுக்கொள்வது நல்லது. தொடுமுனைகள் மங்கியோ பச்சை பூத்தோ இருந்தால், பள்ளிப் பிள்ளைகள் வைத்திருக்கும் வெள்ளை ரப்பரால் மெதுவாக ஒரே திசையில் தேய்த்து, துகளைத் தட்டிவிட்டு, ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் நனைத்த பஞ்சால் துடைத்து, உலர்ந்தபின் ‘டக்’ என்று சத்தம் கேட்கும் வரை அழுத்திப் பொருத்துங்கள். தங்கள் கணினி மூன்று மாதத்துக்கு ஒருமுறை கடையில் ‘சரியாவது’ இந்த ஒரு வேலையால்தான் என்பது என் ஐயம். இதற்குப் பிறகும் திரை வராவிட்டால் மதர்போர்டைப் பற்றிப் பேசலாம்.

கணினியைக் கடல்பக்கத்துச் சன்னலிலிருந்து உள்ளறைக்கு மாற்றுங்கள். தேவை இல்லாத நாளிலும் அரைமணி நேரம் ஓடவிடுங்கள். அந்தச் சூடே ஈரத்தை விரட்டும். ஓடும்போது துணி போட்டு மூடாதீர்கள்.

கேள்வி: 1 டெராபைட் ஹார்டு டிஸ்க் வாங்கினேன். கணினி 931 ஜிகாபைட் என்றே காட்டுகிறது. ஏமாற்றிவிட்டார்களா? (அருமனை வாசகர்)

பதில்: இல்லை. தயாரிப்பவர் ஆயிரம் ஆயிரமாகப் பெருக்கி எண்ணுகிறார். விண்டோஸ் 1024, 1024 ஆகப் பெருக்கி எண்ணுகிறது. படியும் மரக்காலும் ஊருக்கு ஊர் வேறுபட்ட கதைதான், அரிசி குறையவில்லை.

கேள்வி: 2016இல் வாங்கிய லேப்டாப்பில் விண்டோஸ் 10 இருக்கிறது. அதற்கு ஆதரவு முடிந்துவிட்டது, புதிது வாங்கு என்று கல்லூரியில் எல்லோரும் சொல்கிறார்கள். அப்பாவிடம் கேட்கத் தயக்கமாக இருக்கிறது. (மார்த்தாண்டம், கல்லூரி மாணவி)

பதில்: தயங்குவதில் தவறில்லை, வாங்கத் தேவையும் இல்லாமல் இருக்கலாம். விண்டோஸ் 10க்கான வழக்கமான பாதுகாப்புத் திருத்தங்கள் 2025 அக்டோபர் 14 அன்று நின்றுவிட்டன என்பது உண்மை. விண்டோஸ் 11, இன்டெல் செயலியாக இருந்தால் பெரும்பாலும் எட்டாம் தலைமுறையையோ அதற்குப் பிந்தியதையோதான் கேட்கிறது; அந்தத் தலைமுறை சந்தைக்கு வந்ததே 2017இல்தான் என்பதால் உன் லேப்டாப் அந்தப் படியைத் தாண்டாது. குறுக்குவழியில் நிறுவித் தருகிறேன் என்பவர்களை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

விண்டோஸுக்குப் பதிலாக, லினக்ஸ் மின்ட் போன்ற இலவச இயங்குதளம் ஒன்றை முதலில் பென் டிரைவில் இருந்தே ஓட்டிப் பார்க்கலாம். லேப்டாப்பில் உள்ள எதையும் அது தொடாது. வைஃபை, ஒலி, தமிழ்த் தட்டச்சு மூன்றும் சரியாக இயங்கினால் நிறுவிக்கொள். கட்டுரை எழுதவும் கணக்குப் போடவும் லிப்ரே ஆபிஸ் போதும். பழைய ஹார்டு டிஸ்கைக் கழற்றிவிட்டு எஸ்எஸ்டி என்னும் வேகமான சேமிப்பகம் ஒன்றைப் போட்டால், புதிதாக வாங்கியதோ என்று தோழியர் கேட்பார்கள். அந்தச் செலவு புதிய லேப்டாப் விலையில் மிகச் சிறிய பங்குதான். ஒன்றை மட்டும் பார்த்துக்கொள். உன் பாடத்திட்டத்தில் விண்டோஸில் மட்டுமே இயங்கும் கணக்கியல் மென்பொருள் கட்டாயமாக இருந்தால், என் யோசனை உனக்குப் பொருந்தாது. அப்போது அப்பாவிடம் கேட்கத்தான் வேண்டும்.

கேள்வி: பகலெல்லாம் கணினி வேலை, காலையில் கேமரா என்று அடிக்கடி எழுதுகிறீர்கள். தங்களுடைய ஒரு நாள் எப்படித்தான் கழிகிறது? (ஆரல்வாய்மொழி வாசகர்)

பதில்: பெருமையாகச் சொல்லும்படி கழிவதில்லை. சென்ற செவ்வாய்க்கிழமையை எடுத்துக்கொள்வோம். விடியுமுன் எழுந்து, பழையாறு கடலோடு சேரும் மணக்குடிக் காயலுக்கு வண்டியை விட்டேன். வீச்சு வலையோடு ஒருவர் இடுப்பளவு நீரில் இறங்கிக்கொண்டிருந்தார். அவருக்குப் பின்னால் வானம் வெளுத்துக்கொண்டிருந்தது. கேமராவை எடுத்துக் கண்ணில் வைத்தால் எல்லாம் பால் ஊற்றியது போல் இருந்தது. இரவெல்லாம் 22 டிகிரியில் ஏசி ஓடிய அறையில் கேமரா கிடந்திருக்கிறது. காயலோரக் காற்று அதைவிடச் சூடு, நிறைய ஈரம். குளிர்ந்த கண்ணாடியைத் தொட்டதும் அந்த ஈரம் பனித்துளியாகிவிட்டது. பிறருக்குப் பத்து முறை எழுதிய அறிவுரை, என் கையில் இருக்கும்போது மறந்துபோனது. துடைத்தால் உப்பும் சேர்ந்து கீறும் என்பதால், கேமராவைப் பிளாஸ்டிக் உறைக்குள் போட்டு வாயைக் கட்டிக்கொண்டு, அது காற்றின் சூட்டுக்கு வரும்வரை படகோரத்தில் உட்கார்ந்திருந்தேன். வலைவீசியவர் இரண்டு வீச்சு முடித்துக் கரையேறி, “வெயிலே ஏறியாச்சு, இன்னும் கவரைப் பிரிக்கலியா அண்ணாச்சி?” என்று கேட்டுவிட்டுப் போனார்.

ஒன்பதரை மணிக்கு வேலை. வெளியூர் நிறுவனம் ஒன்றின் சர்வர்களை வீட்டிலிருந்தே கவனித்துக்கொள்வது என் தொழில். ஒன்றும் நடக்காத நாளே அதில் நல்ல நாள் என்பதால், நான் என்ன வேலை செய்கிறேன் என்று அம்மாவுக்கு இன்றுவரை விளங்க வைக்க முடியவில்லை. அன்று பதினோரு மணி சுமாருக்கு மின்சாரம் போனது. லேப்டாப்பில் சொந்த மின்கலம் இருக்கிறது, யுபிஎஸ்ஸில் இணைய மோடத்தை மட்டும் மாட்டியிருக்கிறேன். 600 விஏ யுபிஎஸ் என்பது ஏறக்குறைய 360 வாட்தான். அதில் மேசைக் கணினி, மானிட்டர், பிரிண்டர் எல்லாவற்றையும் தொங்கவிட்டால் சில நிமிடங்களில் கைவிட்டுவிடும். பத்து வாட் சுமாரே தின்னும் மோடம் என்றால் நெடுநேரம் தாங்கும்.

இரவு படங்களைக் கணினிக்கு மாற்றிப் பார்த்தேன். 61 படங்களில் வைத்துக்கொண்டது இரண்டு. அவற்றில் ஒன்று, உறைக்குள் கேமராவோடு காத்திருந்தபோது கைப்பேசியில் எடுத்தது.

கேள்வி: 2002 முதல் நான் தட்டச்சு செய்து வைத்த வரலாற்றுக் குறிப்புகளைப் புதிய கணினியில் திறந்தால் ஆங்கில எழுத்துக் குப்பையாகத் தெரிகிறது. எல்லாம் அழிந்துவிட்டதா? (ஓய்வுபெற்ற ஆசிரியர், பத்மநாபபுரம்)

பதில்: ஓர் எழுத்துகூட அழியவில்லை ஐயா. அந்நாளில் நாம் பயன்படுத்திய பாமினி போன்ற எழுத்துருக்கள், ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்களை ஒட்டிவைத்தவை. பாமினியில் தாங்கள் ‘அம்மா’ என்று அடித்தபோது கணினி சேமித்தது எம், கே, அரைப்புள்ளி, மறுபடி கே, ஹெச் என்ற ஐந்து ஆங்கிலக் குறிகளைத்தான். எழுத்துரு அவற்றுக்குத் தமிழ் வேடம் போட்டது. புதிய கணினியில் அந்த எழுத்துரு இல்லாததால் வேடம் கலைந்துவிட்டது. ஒருங்குறியில் (யூனிகோட்) தமிழுக்கென்றே தனி இடம் உண்டு. தமிழ்நாடு அரசும் 2010இல் அதைத் தரமாக ஏற்றது.

முதலில் கோப்பு எந்த எழுத்துருவில் அடிக்கப்பட்டது என்று கண்டுபிடியுங்கள். ஆவணத்தைத் திறந்து அந்தப் பகுதியில் சுட்டியை வைத்தால் மேலே எழுத்துருவின் பெயர் தெரியும். அதற்குரிய எழுத்துரு மாற்றியில் பத்தி பத்தியாக ஒட்டி ஒருங்குறிக்கு மாற்றலாம். இடையில் ஆங்கிலச் சொற்களும் ஆண்டுகளும் கலந்திருக்கும் இடங்களை மட்டும் கண்ணால் சரிபாருங்கள், ஏனெனில் உண்மையான ஆங்கிலச் சொல்லையும் மாற்றி ‘தமிழாக்கி’ விடும். மூலக் கோப்புகளை அழித்துவிட வேண்டாம். இனி எழுதுவதற்குத் தமிழ்99 விசைப்பலகையைப் பழகிக்கொள்ளுங்கள். உயிரெழுத்துகள் இடக்கைப் பக்கமும் மெய்கள் வலக்கைப் பக்கமும் இருப்பதால் தங்களைப் போன்ற தட்டச்சுக்காரர்களுக்குச் சீக்கிரம் கைவரும்.

கேள்வி: சித்ரா பௌர்ணமியன்று கன்னியாகுமரியில் சூரியன் மறைவதையும் நிலா எழுவதையும் ஒரே நேரத்தில் படமெடுக்க ஆசை. நெரிசலில் நிற்க இடம் கிடைப்பதில்லை. வேறு வழி உண்டா? (நாகர்கோவில், வடசேரி வாசகர்)

பதில்: உண்டு. பௌர்ணமி என்றாலே நிலா சூரியனுக்கு நேர் எதிரே நிற்கும் நாள் என்பதால், எல்லாப் பௌர்ணமியிலும் சூரியன் மறையும் நேரத்தை ஒட்டியே நிலா எழுகிறது. இரு பக்கமும் கடல் திறந்திருப்பதுதான் குமரிமுனையின் தனிச்சிறப்பு. சித்திரையின் பெருமை பக்தியாலும் மரபாலும் வந்தது. கேமராவின் பக்கமிருந்து பார்த்தால் மார்கழி, தை மாதப் பௌர்ணமிகளையே நான் விரும்புவேன். நம் மேற்குக் கரை குமரியிலிருந்து வடமேற்காகச் சாய்ந்து செல்வதால், கோடையில் சூரியன் மறையும் இடம் கரையின் பக்கமாக நகர்ந்துவிடுகிறது. மார்கழி, தையில் அது தென்மேற்காக விலகிக் கடலுக்குள்ளேயே இறங்கும். நிலா வடகிழக்கில் கடலிலிருந்தே எழும்.

ஒரே படத்தில் இரண்டும் விழும் என்று எதிர்பார்க்காதீர்கள். அவை எதிரெதிர்த் திசைகள். நிலா வானத்தில் அரை டிகிரி அகலமே உள்ளது என்பதால், கைப்பேசியின் அகலப் பார்வையில் புள்ளியாகத்தான் விழும். 200 மில்லிமீட்டருக்குக் குறையாத லென்ஸ் கொண்டு செல்லுங்கள். திருவள்ளுவர் சிலை 133 அடி உயரம். சிலையிலிருந்து பின்வாங்கிப் பின்வாங்கி நின்றால்தான் அதன் அருகே நிலா பெரிதாகத் தெரியும். லென்சை நீட்டிப் பெரிதாக்குவதற்கு முன் காலை நீட்டி நடக்க வேண்டிய வேலை இது.

கேள்வி: தோவாளைப் பூச்சந்தையில் எடுத்த கேந்திப் பூக்கள் எல்லாம் படத்தில் இதழ் தெரியாத மஞ்சள் திட்டாக விழுகின்றன. கேமராவில் கோளாறா? (தோவாளை வாசகி)

பதில்: கோளாறு இல்லை. கேந்தி, செவ்வந்திப் பூக்களில் சிவப்பு நிறம் மட்டும் அளவுக்கு மீறி நிரம்பிவிடுகிறது; கேமராவின் ஒளிமானி மூன்று நிறங்களின் சராசரியைப் பார்த்து ‘சரி’ என்கிறது. ஒளியளவை ஒன்று அல்லது ஒன்றரைப் படி குறைத்து, கேமரா பதிந்ததை அப்படியே சேமிக்கும் ரா கோப்பாக எடுத்துப் பாருங்கள். வழக்கமான ஜேபெக் கோப்பில் ஒரு நிறத்துக்கு 256 படிகள்தான் உண்டு. 14 பிட் ராவில் 16,384. இருண்டதாக எடுத்ததைப் பிறகு வெளிச்சமாக்கலாம், நிரம்பி வழிந்த இதழை மீட்க முடியாது. பூக்கட்டுபவர்களிடம் கேட்டுவிட்டு எடுங்கள். கேட்காமல் எடுத்தால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார்கள், அதுவும் நியாயந்தான்.

கேள்வி: தங்கையின் திருமணப் படங்கள் இருந்த மெமரி கார்டைத் தவறுதலாக பார்மட் செய்துவிட்டேன். வேறு பிரதி இல்லை. (இரணியல் வாசகர்)

பதில்: அந்தக் கார்டைக் கேமராவிலிருந்து உடனே எடுத்துவிடுங்கள், அதில் இன்னொரு படம்கூட எடுக்காதீர்கள். சாதாரண பார்மட் என்பது புத்தகத்தின் பொருளடக்கத் தாளைக் கிழிப்பதுபோலத்தான். பக்கங்கள் பெரும்பாலும் அப்படியே இருக்கும், புதிய படம் எழுதப்படும்போதுதான் அவை அழியும். போட்டோரெக் என்ற இலவச மென்பொருள் பக்கம் பக்கமாகத் தேடிப் படங்களை மீட்டுத் தரும். மீட்டதைக் கணினியின் வட்டில் சேமியுங்கள், அதே கார்டில் வேண்டாம்.

‘வேறு பிரதி இல்லை’ என்ற தங்கள் வரி என்னை ஒக்கிப் புயலுக்கு இழுத்துச் சென்றது. 2017 நவம்பர் 30 அன்று எங்கள் வீட்டுக் கூரை ஓட்டின் மேல் தென்னைமட்டை விழுந்து, இரவு முழுக்க அலமாரிக்குள் நீர் சொட்டியிருக்கிறது. படங்களை இரண்டு ஹார்டு டிஸ்குகளில் வைத்திருந்த புத்திசாலி நான். இரண்டையும் அந்த ஒரே அலமாரியில் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி வைத்திருந்ததும் நான்தான். பல நாள் மின்சாரம் இல்லாததால், போய்விட்டதா இருக்கிறதா என்று பார்க்கக்கூட வழியில்லாமல் காத்திருந்தேன். ஒன்று பிழைத்தது. அன்றிலிருந்து ஒரு பிரதி அக்கா வீட்டில், திருவட்டாற்றில் இருக்கிறது. ஒவ்வொரு முறை போகும்போதும் வட்டை மாற்றி எடுத்து வருகிறேன். தங்கை வீட்டுக்குத் தாங்களும் ஒன்று கொடுத்தனுப்பலாம்.

கேள்வி: என் தந்தையார் ஸ்டுடியோ நடத்தியவர். அவர் விட்டுச்சென்ற நெகட்டிவ்கள் தகரப் பெட்டி நிறைய இருக்கின்றன. கணினியில் ஏற்ற ஸ்கேனர் வாங்க வேண்டுமா? (குழித்துறை வாசகர்)

பதில்: கேமராவே போதும். மிக அருகில் குவியும் லென்ஸ் ஒன்றையோ, இருக்கும் லென்சோடு இணைக்கும் நீட்டுக் குழாயையோ பயன்படுத்துங்கள். டேப்லட் திரையை முழு வெள்ளையாக்கிக் கிடத்தி, அதற்கு மேல் இரண்டு விரற்கடை உயரத்தில் கண்ணாடித் துண்டின்மீது நெகட்டிவைப் பளபளப்பில்லாத பக்கம் கேமராவைப் பார்க்கும்படி வையுங்கள்; திரையை ஒட்டி வைத்தால் அதன் புள்ளிகளும் படத்தில் விழும். அறை விளக்கை அணைத்துவிட்டு எடுத்து, கணினியில் நிறத்தைத் தலைகீழாக்கி, இடவலம் மாறியிருந்தால் திருப்பிக்கொள்ளுங்கள்.

எதில் தொடங்குவது என்பதை மூக்கிடம் விடுங்கள். பெட்டியைத் திறக்கும்போது புளித்த காடி வாடை அடித்தால், அந்த பிலிமின் அசிட்டேட் அடித்தளம் சிதையத் தொடங்கிவிட்டது என்று பொருள். அந்த ஆவி பக்கத்தில் இருப்பவற்றையும் கெடுக்கும் என்பதால் வாடை வரும் உறைகளைத் தனியே பிரித்து, அவற்றை முதலில் படமெடுத்துவிடுங்கள். மற்றவற்றைப் பிளாஸ்டிக்கில் இருந்து காகித உறைக்கு மாற்றி, தகரப் பெட்டியைத் தரையிலிருந்தும் வெளிச்சுவரிலிருந்தும் விலக்கி வையுங்கள். ஐப்பசி மழைக்கு முன் வாடையடிக்கும் உறைகளையாவது முடித்துவிடப் பாருங்கள்.